உட்கட்சித் தேர்தலும் புறத்தாரும்

அமெரிக்க நாட்டில் ‘பிரைமரி’ என்று வழங்கும் தேர்தலை நாம் முதனிலைத் தேர்தல் என்று தமிழாக்கிக்கொண்டோம். பொதுத் தேர்தலில் ஒரு கட்சியின் சார்பில் நிற்பவர் யார் என்பதை அக்கட்சியைச் சார்ந்த மக்களே வாக்களித்து முடிவு செய்யும் முறை அது. முன்னாளில் அங்கும் கட்சிப் பெரியவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு பேசித்தான் வேட்பாளரைத் தேர்ந்தனர். அவ்வழக்கத்தை உடைக்கக் கிளர்ந்தவர்களுள் விஸ்கான்சின் மாநில ஆளுநர் லா பாலெட் தலையாயவர். அம்மாநிலம் 1903 இல் இதற்கெனச் சட்டம் இயற்றி, மறு ஆண்டில் மக்கள் வாக்கெடுப்பால் அதனை உறுதி செய்தது. அன்று தொடங்கிய வழக்கத்தின் பயனாகவே, அதற்குமுன் எந்த அரசுப் பதவியிலும் இருந்திராத டோனல்டு டிரம்ப் என்னும் வணிகர், 2016 இல் ஆளுநர்களையும் செனட்டர்களையும் பின்னுக்குத் தள்ளிக் குடியரசுக் கட்சியின் வேட்பாளரானார். அது நன்றா தீதா என்பது வேறு வழக்கு. கட்சியின் மூத்தோர் பலர் விரும்பாதபோதும் புறத்தார் ஒருவர் உள்ளே வர முடிந்தது என்பதே ஈண்டு நமக்கு வேண்டுவது.

வகுப்பறையில் இதனைச் சொன்னால் மாணவர் உடனே ஒன்று கேட்பர்: நம் மலேசியாவில் இத்தகைய தேர்தல் உண்டா? இல்லை என்பதே நேரான விடை. இங்கே நாடாளுமன்ற, சட்டமன்ற வேட்பாளரைக் கட்சித் தலைமையே தேர்கின்றது. தலைமை கையொப்பமிட்டுத் தரும் கடிதமே கட்சிச் சின்னத்துக்கு உரிமைச் சீட்டு. கிள்ளான் தொகுதியைப் பாருங்கள். அரசு சாரா அமைப்புகளில் பணியாற்றிய பொருளியல் வல்லுநர் சார்ல்ஸ் சந்தியாகுவை 2008 இல் ஜனநாயக செயல் கட்சி அங்கே நிறுத்தியது. அவர் வென்றார், 2013 இலும் வென்றார், 2018 இல் 78,773 வாக்குப் பெரும்பான்மையில் வென்றார். 2022 இல் அவருக்குக் கடிதம் வரவில்லை. அவர் இடத்தில் வீ. கணபதிராவ் நிறுத்தப்பட்டு வென்றார். கிள்ளான் கட்சி உறுப்பினர் ஒருவரும் இதற்காக வாக்குச்சீட்டைத் தொட்டதில்லை. வந்தபோதும் கடிதம், போனபோதும் கடிதம். புறத்தார் ஒருவர் விரைந்து உள்ளே வருவதற்கு இம்முறை சில வேளை உதவும். ஆனால் அவர் கால் ஊன்றுவதற்கு உதவாது.

ஆகவே முதனிலைத் தேர்தலுக்கு நம்மிடையே நெருங்கிய உறவு எதுவென்றால், கட்சிப் பதவிகளுக்கு நடக்கும் உட்கட்சித் தேர்தலே. கட்சித் தலைவராவோர் அமைச்சராவதும், தொகுதிப் பங்கீட்டில் கை வைப்பதும் இந்நாட்டு வழக்கமாதலின், உட்கட்சித் தேர்தல் வெறும் சங்க நிருவாகத் தேர்தல் அன்று. அங்கே புறத்தார் என்பவர் யார்? வேறு கட்சியிலிருந்து வந்தவர் மட்டும் அல்லர். கட்சியிலேயே இருபது ஆண்டு இருந்தும் தலைமையின் நிழலில் நில்லாதவரும் புறத்தாரே. பணிவிட்டு விலகிச் சில ஆண்டு கழித்துத் திரும்பி வருபவரும் ஓரளவு புறத்தாரே. இம்மூவகையாரும் நம் ஊரில் போட்டியிட்டுப் பார்த்திருக்கின்றனர். அவர்கள் வென்றதும் தோற்றதும் பெரும்பாலும் அவர்தம் நாவன்மையாலோ மக்கள் செல்வாக்காலோ அன்று, வாக்குரிமை யார் கையில் வைக்கப்பட்டிருந்தது என்பதாலேயே என்று நான் கருதுகிறேன். அதனைச் சான்றுகளோடு பார்ப்போம்.

பிரிக்பீல்ட்சின் ஊடே செல்லும் துன் சம்பந்தன் சாலையை அறியாதார் இரார். அப்பெயருக்குரிய வீ. தி. சம்பந்தன், மலேசிய இந்தியர் காங்கிரசின் ஐந்தாம் தலைவர். 1946 இல் தோன்றிய அக்கட்சியை ஜோன் திவி, புத் சிங், கே. இராமநாதன், கே. எல். தேவாசர் ஆகியோர் அடுத்தடுத்து நடத்தினர். சம்பந்தனோ பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டுக்காரர், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பயின்றவர், தோட்டப்புறத்தை அறிந்தவர். 1955 இல் அவர் தலைமைக்கு வந்தபின், தோட்டத் தொழிலாளர் திரளாகக் கட்சியுள் வந்தனர். கட்சியின் முகமே தமிழ்முகமாயிற்று. வாக்காளர் கூட்டம் மாறினால் தலைமை எத்தகையோர் கையில் நிலைபெறும் என்பதும் மாறும் என்பதற்கு இது முதற் சான்று. அவர் பதினெட்டு ஆண்டு தலைவராயிருந்தார். 1973 இல் கிள்ளான் நாடாளுமன்ற உறுப்பினராயிருந்த வீ. மாணிக்கவாசகத்திடம் பொறுப்பு சென்றது. அந்த மாற்றம் பேராளர் வாக்கால் அன்றி, மேல்மட்டப் பேச்சால் அமைந்தது.

அடுத்து வருவதுதான் நம் பொருளுக்கு உயிரான கதை. 1977 இல் கட்சியின் துணைத் தலைவர் பதவிக்கு ச. சாமிவேலுவும் எஸ். சுப்பிரமணியமும் மோதினர். பின்னவரே மாணிக்கவாசகத்தின் மனத்துக்கு உகந்தவர் என்பது அந்நாளில் பரவலாக நிலவிய கருத்து. சாமிவேலு குளுவாங்கில் பால்மரம் வெட்டும் தொழிலாளியின் மகனாகப் பிறந்தவர். வானொலியில் தமிழ்ச் செய்தி வாசித்தவர். பின்னர்ப் படித்துக் கட்டடக் கலைஞரானவர். 1959 இல் சாதாரண உறுப்பினராகக் கட்சியில் சேர்ந்து கிளைப் பணியிலிருந்து மேலேறியவர். அவர் 26 வாக்கில் வென்றார். இரண்டு ஆண்டு கழித்து, 1979 அக்டோபரில், மாணிக்கவாசகம் மறைந்தார். துணைத் தலைவர் தலைவரானார். அந்த 26 வாக்கு, கட்சியின் அடுத்த முப்பத்தோர் ஆண்டினை முடிவு செய்தது.

இவ்வளவு சிறிய எண் எவ்வாறு இவ்வளவு பெரிய விளைவைத் தருகின்றது? வாக்களித்தோர் பேராளர் ஆதலின். உறுப்பினர் கிளையைத் தேர்வர். கிளை தொகுதியைத் தேரும். தொகுதி பேராளரை அனுப்பும். ஒவ்வொரு படியிலும் வடிகட்டுதல் நடக்கின்றது. அம்னோவிலும் அன்று இவ்வாறே. 1987 ஏப்பிரலில் மகாதீர் 761 வாக்கும், அவரை எதிர்த்த தெங்கு ரசாலி 718 வாக்கும் பெற்றனர். 43 பேரில் ஒரு நாட்டின் பிரதமர் யார் என்பது தங்கியிருந்தது. எண்ணிக்கை குறைந்த பேராளர் மன்றம் புறத்தார்க்கு முற்றும் கேடு என்று சொல்லிவிட முடியாது. 1977 உம் 1987 உம் காட்டுவது, சில நூறு பேரை நேரில் கண்டு பேசிக் கலைக்கக்கூடிய ஒருவர்க்கு அதில் வாய்ப்பு உண்டு என்பதே. ஆயினும் அவ்வாய்ப்பு ஒரு முறை வெளிப்பட்டுவிட்டால், உள்ளிருப்போர் அடுத்த முறை வாயிலை ஒடுக்காமல் விடுவதில்லை.

அம்னோவில் அது வெளிப்படையாகவே நடந்தது. 1987 இன் அதிர்ச்சிக்குப் பின் முன்மொழிவு விதிகள் இறுகின. 2008 அளவில், தலைவர் பதவிக்கு நிற்பவர் 191 தொகுதிகளில் 30 விழுக்காட்டின், அதாவது 58 தொகுதிகளின், முன்மொழிவைப் பெற்றாக வேண்டும். அவ்வாண்டு தெங்கு ரசாலிக்குக் கிடைத்தது ஒன்றே ஒன்று: அவருடைய சொந்தக் குவா மூசாங். முன்பு 718 பேராளர் வாக்கைப் பெற்ற மனிதர், இப்பொழுது வாக்கெடுப்புவரை செல்லவே முடியவில்லை. அவர் பக்கம் நிற்க விரும்பிய தொகுதித் தலைவர் ஒருவர், தம் பெயரை வெளிப்பட எழுதிக் கொடுக்க வேண்டும். வாக்குச்சீட்டு கமுக்கமானது, முன்மொழிவுத் தாள் அப்படியன்று. ஆசிரியப் பெருமக்கள் இந்த வேறுபாட்டை மாணவர்க்கு அழுத்திச் சொல்ல வேண்டும் என்பது என் விருப்பம். ‘போட்டியின்றித் தேர்வு’ என்ற செய்தித் தலைப்பைப் பார்த்தவுடன், எல்லாரும் அவரை விரும்பினர் என்று பொருள் கொள்வது பிழை. எதிர்ப்பவர்க்கு எழுத்தில் துணை நிற்க ஆள் இல்லை என்பதே அதன் பொருள்.

அடுத்த ஆண்டு ம.இ.காவில் அதே காட்சி. 2009 மார்ச்சில் முத்துபழனியப்பன் தலைவர் பதவிக்கு மனுச் செய்தார். போதிய முன்மொழிவு இல்லை என்று மனு தள்ளப்பட்டது. சாமிவேலு பதினோராம் முறையாகப் போட்டியின்றித் தலைவரானார். 1977 இல் தலைமையின் விருப்பத்தை எதிர்த்து 26 வாக்கில் நுழைந்தவர், இப்பொழுது வாயிலின் உட்புறம் நின்றார். இதில் அவர் ஒருவரையே குறை சொல்வதற்கில்லை. உள்ளே வந்த புறத்தார் எவரும் தாம் வந்த கதவைத் திறந்து வைத்துவிட்டுச் சென்றதாகக் கட்சி வரலாறுகளில் அரிதாகவே காண்கிறோம்.

இங்கிலாந்து நாட்டுத் தொழிற்கட்சி இதற்கு இன்னும் தெளிவான எடுத்துக்காட்டு. 2015 இல் தலைமைக்கு நிற்க 35 நாடாளுமன்ற உறுப்பினரின் முன்மொழிவு வேண்டும். மூப்படைந்த இடதுசாரியும், பதவி எதுவும் வகியாதவருமான ஜெரிமி கார்பின், கெடு முடிய மணித்துளிகள் இருக்கையில் 36 பெற்றார். அவரை முன்மொழிந்தோருள் சிலர், விவாதம் சுவையாக அமையட்டும் என்பதற்காகவே கையொப்பமிட்டனர். அவருக்கு வாக்களிக்கும் எண்ணம் அவர்க்கில்லை. ஆனால் இறுதி வாக்கு உறுப்பினர் அனைவர்க்கும் உரியதாயிருந்தது. கார்பின் 59.5 விழுக்காடு பெற்றார். ஒரு கையொப்பம் குறைந்து இரண்டு குறைந்திருந்தால், அந்த வெள்ளம் கட்சிக்குள் இருந்ததே வெளியே தெரிந்திராது. 2021 இல் தொழிற்கட்சி அந்த வரம்பை நாடாளுமன்ற உறுப்பினரில் ஐந்தில் ஒரு பங்காக உயர்த்திவிட்டது. வாயில் ஒடுங்கும் விதம் எங்கும் ஒன்றுபோலும்!

மீண்டும் கோலாலம்பூருக்கு வருவோம். 2009 செப்டம்பரில் ம.இ.கா. துணைத் தலைவர் பதவிக்கு மும்முனைப் போட்டி நடந்தது. ஜி. பழனிவேல் 629, எஸ். சுப்பிரமணியம் 547, சோதிநாதன் 280. (இந்தச் சுப்பிரமணியம் 1977 இல் நின்றவரே, பின்வந்த மருத்துவர் அல்லர்.) மூவர் பெற்றதையும் கூட்டினால் 1,456. அன்றைய ம.இ.கா. தனக்கு ஆறு இலட்சம் அளவில் உறுப்பினர் உண்டு என்று சொல்லி வந்தது. கிளைகள் மூவாயிரத்துக்கும் மேல். இத்தனை கிளைகளுள் உண்மையாகக் கூடிப் பேசுவன எத்தனை, ஒருவரே உறுப்பினர் சந்தாவைத் தம் கையிலிருந்து கட்டிப் பெயரேட்டைத் தம் வீட்டில் வைத்திருப்பன எத்தனை என்பது தோட்டப்புறத்திலும் நகரத்திலும் நெடுங்காலமாகப் பேசப்படும் குறை. அப்பெயரேடு யார் வீட்டில் இருக்கின்றதோ அவரே வாக்குரிமையின் காவலர். புறத்தார் ஒருவர்க்கு மேடை கிடைக்கும், நாளிதழில் படம் கிடைக்கும், பெயரேடு கிடைக்காது.

அப்படியாயின் எல்லா உறுப்பினர்க்கும் நேரே வாக்களித்துவிட்டால் புறத்தார்க்கு வழி பிறக்குமன்றோ என்று கேட்கலாம். மக்கள் நீதிக் கட்சி, கெஅடிலான் என்று நாம் வழங்குவது, 2010 இல் இதனைச் செய்தது. இந்நாட்டுப் பெரிய கட்சிகளுள் உறுப்பினர் ஒவ்வொருவர்க்கும் ஒரு வாக்கு என்று வைத்தது அதுவே முதன்முறை. துணைத் தலைவர் பதவிக்கு நின்றவருள் ஒருவர் சாயிட் இப்ராகிம். அவர் அம்னோ அமைச்சராயிருந்து, விசாரணையின்றிச் சிறைவைக்கும் சட்டம் பயன்படுத்தப்பட்டதை எதிர்த்து 2008 செப்டம்பரில் பதவி துறந்தவர். 2009 ஜூனில் கெஅடிலானில் சேர்ந்தவர். 2010 ஏப்பிரலில் உலு சிலாங்கூர் இடைத்தேர்தலில் நின்று, ம.இ.காவின் பி. கமலநாதனிடம் 1,725 வாக்கில் தோற்றவர்.

அந்த இடைத்தேர்தலிலேயே நம் பொருளுக்கு ஒரு கிளைக்கதை உண்டு. ம.இ.கா. தலைவர் விரும்பியது, 2008 இல் அத்தொகுதியை 198 வாக்கில் இழந்த பழனிவேலை. தேசிய முன்னணித் தலைமை அதற்கு இசையாமல், அதிகம் அறியப்படாத கமலநாதனைக் கொண்டுவந்தது. வென்றவரும் ஒருவகையில் புறத்தார்தாம். ஆனால் அவரை உள்ளே விட்டது கட்சி உறுப்பினர் அல்லர், கூட்டணியின் மூத்த பங்காளி.

சாயிட் இப்ராகிமுக்கு நேர்ந்தது யாது? நேரடி வாக்கு வந்துவிட்டது, உண்மை. ஆனால் வாக்கெடுப்பு நாடெங்கும் தொகுதி தொகுதியாக, வாரந்தோறும் நடந்தது. தொகுதியை நடத்துவோர் பழைய நிருவாகிகளே. வாக்களிக்க வந்தவர் தொகை மிகச் சிறிது. வருவோர் சிலராயின், அவர்களை வண்டியேற்றி அழைத்துவர வல்லவர்க்கே வெற்றி. எதிரில் நின்ற அஸ்மின் அலி, கட்சியின் தொடக்க நாள் முதல் அன்வார் இப்ராகிமுடன் இருந்தவர். முறைகேடு நடக்கின்றது என்று சாயிட் குற்றஞ்சாட்டினார். கட்சி அதனை மறுத்தது. நவம்பரில் அவர் போட்டியிலிருந்து விலகி, கட்சியையும் விட்டுச் சென்று, கித்தா என்னும் சிறு கட்சிக்குத் தலைவரானார். விதி திறந்திருந்தது, நடைமுறை பழைய கைகளிலேயே இருந்தது.

அக்கட்சியிலேயே பன்னிரண்டு ஆண்டு கழித்து வேறு காட்சி. ரபிசி ரம்லி சில காலம் ஒதுங்கியிருந்து 2022 இல் திரும்பினார். துணைத் தலைவர் பதவிக்கு அவரை எதிர்த்தவர் கட்சியின் பொதுச் செயலாளர் சைபுடின் நசுத்தியோன். அமைப்பு முழுவதையும் அறிந்தவர். உறுப்பினர் கைப்பேசி வழியாகவும் வாக்களிக்க முடிந்தது. தொகுதித் தலைவரின் வண்டி தேவைப்படாத வாக்காளர் உருவாயினர். ரபிசி வென்றார். 2025 மே மாதத்தில், மத்தியப் பதவிகளுக்குக் கட்சி பேராளர் முறையைக் கைக்கொண்டது. அதே ரபிசி 3,866 வாக்கும், நூருல் இசா 9,803 வாக்கும் பெற்றனர். முழுக் காரணமும் முறை மாற்றமே என்று சொன்னால் அது மிகை. நூருல் இசா கட்சியோடு பிறந்து வளர்ந்தவர், தலைவரின் மகள். தொகுதித் தலைவர் பலர் அவர் பக்கம் நின்றனர். அமைச்சராயிருந்த ரபிசியும் மூன்றாண்டில் பலரைப் பகைத்துக்கொண்டார். ஆயினும் தொகுதித் தலைவர் பலர் ஒரு பக்கம் நிற்பது என்பதற்கு, 2022 இல் இல்லாத எடை 2025 இல் இருந்தது. அது முறை தந்த எடை.

தாய்நாட்டு நிலையையும் ஒப்பிடலாம். ஐக்கிய நாட்டு அவையில் நெடுங்காலம் பணியாற்றி 2009 இல் காங்கிரசில் நுழைந்த சசி தரூர், 2022 அக்டோபரில் அகில இந்தியத் தலைவர் பதவிக்கு நின்றார். மல்லிகார்ஜுன கார்கே 7,897 வாக்கும், தரூர் 1,072 வாக்கும் பெற்றனர். பெருந்தோல்வி எனத் தோன்றும். 2000 இல் சோனியா காந்தியை எதிர்த்த ஜிதேந்திர பிரசாதா பெற்றது 94 வாக்கே என்பதை நினைத்தால், ஆயிரம் பேராளர் தலைமையின் குறிப்பை அறிந்தும் மாற்றி வாக்களித்தது சிறிய செய்தி அன்று.

இதுவரை புறத்தார் பக்கமே பேசினோம். உள்ளிருப்போர் பக்கத்திலும் நியாயம் உண்டு. வள்ளுவர் ‘தெரிந்து தெளிதல்’ அதிகாரத்தில், உறவின் பிடிப்பு ஏதும் இல்லாதவரை ஆராயாது நம்பிவிடலாகாது, அத்தகையோர் ஊர்ப்பழிக்குக் கூச மாட்டார் என்னும் கருத்தினைச் சொல்கிறார். கட்சித் தொண்டர் ஒருவர் புறத்தாரைக் கண்டு அஞ்சுவது இந்த அச்சமே. கொடி நட்டு, சுவரொட்டி ஒட்டி, மழையில் நின்று வளர்த்த கட்சியை நேற்று வந்தவர் தோற்றவுடன் உதறிவிட்டுப் போவார் அல்லரோ? சாயிட் போனார். அச்சம் பொய்யன்று. ஆனால் அவ்வதிகாரத்தை அடுத்துத் ‘தெரிந்து வினையாடல்’ வருகின்றது. அதற்கும் பின்னரே ‘சுற்றந்தழால்’. சுற்றத்தைத் தழுவிக்கொள்ளச் சொல்வதற்குமுன் ஆளை ஆராய்ந்து வினையில் வைக்கச் சொன்னார் ஆசிரியர். நம் கட்சிகளில் அதிகார வைப்பு முறை தலைகீழாகிவிட்டதோ என்று ஐயுற இடமிருக்கிறது.

வென்றால் மட்டும் போதாது என்பதையும் மறக்கலாகாது. ம.இ.காவின் முதல் தலைவர் ஜோன் திவி, நேதாஜியின் சுதந்திர இந்திய அரசில் இடம்பெற்றவர். அந்த நேதாஜியே 1939 இல் காங்கிரசுத் தலைமைக்கு நின்று, காந்தியடிகள் விரும்பிய பட்டாபி சீதாராமையாவைத் தோற்கடித்தார். திரிபுரி மாநாடு கூடியது. செயற்குழுவைக் காந்தியடிகளின் விருப்பப்படியே அமைக்க வேண்டும் என்று தீர்மானம் நிறைவேறியது. வென்றவர் செயற்குழு அமைக்க இயலாமல் ஏப்பிரலில் விலகினார். மே மாதத்தில் பார்வர்டு பிளாக் தோன்றியது. கார்பினுக்கும் இவ்வாறே, வென்ற மறு ஆண்டில் அவர் கட்சி நாடாளுமன்ற உறுப்பினர் 172 பேர் அவர்மேல் நம்பிக்கையில்லை என்றனர். தலைமை ஒருவரது, கட்சியின் நரம்புகள் வேறு பலரிடம்.

உத்திரமேரூர்க் கல்வெட்டை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. முதற் பராந்தகன் காலத்தில், 919 இலும் 921 இலும், அவ்வூர்ச் சபை தன் வாரியங்களுக்கு ஆள் தேரும் விதிகளைக் கல்லில் பொறித்தது. பெயரெழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு எடுக்கும் முறையைப் பாடநூலில் எல்லாரும் படித்திருப்போம். பெருமைக்கு நடுவே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: நிலமும் மனையும் வேதக் கல்வியும் உடையார்க்கே அங்கு இடம், உழவர்க்கும் பெண்டிர்க்கும் அவ்வாயில் அடைத்தே இருந்தது. ஆயினும் இரண்டு விதிகள் கருதத்தக்கன. கடந்த மூன்றாண்டில் வாரியத்தில் இருந்தவர் மீண்டும் நிற்றல் ஆகாது. இருந்து கணக்குக் காட்டாதவரும், அவருடைய நெருங்கிய உறவினரும் நிற்றல் ஆகாது. தகுதி உடையோருக்குள்ளாவது, இருப்பவரை வெளியே அனுப்பி, இல்லாதவரை உள்ளே அழைக்கும் ஏற்பாடு அது. இன்றைய கட்சிச் சட்டங்கள் பலவற்றில், புதியவர்க்கு இத்தனை ஆண்டு உறுப்பினராயிருக்க வேண்டும் என்னும் விதி உண்டு. பழையவர்க்கு இத்தனை ஆண்டோடு விலக வேண்டும் என்னும் விதியைத் தேட வேண்டியிருக்கிறது.

வாயிலில் தடுக்கப்பட்டோர் எங்கே போகின்றனர்? ம.இ.கா. உதவித் தலைவராயிருந்த மு. கோ. பண்டிதன் 1988 இல் கட்சியிலிருந்து நீக்கப்பட்டார். 1990 இல் இந்தியர் முற்போக்கு முன்னணியைத் தொடங்கினார். எளிய மக்கள் பலர் அவர் பின் சென்றனர். 1989 இல் சாமிவேலுவைத் தலைமைக்கு எதிர்த்த சுப்பிரமணியம் தோற்றார். அதன்பின் கட்சிக்குள் பெரிய எதிர்ப்புக்கு இடமில்லை என்ற நிலை வந்தது. எதிர்ப்பு அற்றுப் போயிற்றா எனின், இல்லை. 2007 நவம்பர் 25 அன்று கோலாலம்பூர் வீதிகளில் இண்ட்ராப் அழைத்த பல்லாயிரவர் திரண்டபோது, அது எங்கே தேங்கியிருந்தது என்பது தெரிந்தது. அவ்வியக்கத்தின் வழக்கறிஞர் எம். மனோகரன், கமுந்திங் தடுப்பு முகாமில் இருந்தபடியே 2008 மார்ச்சில் கிள்ளானின் கோத்தா ஆலம் ஷா சட்டமன்றத் தொகுதியை வென்றார். மேடை ஏறாமல், ஒரு கை கூப்பாமல் வென்ற புறத்தார் அவர். அவருக்குச் சின்னம் தந்தது ஜனநாயக செயல் கட்சியின் கடிதம். 2013 இல் அதே கட்சியின் மற்றொரு கடிதம் அவரைக் கேமரன் மலைக்கு அனுப்ப, அங்கே 462 வாக்கில் பழனிவேலிடம் தோற்றார். கோத்தா ஆலம் ஷாவில் அவர்க்குப் பின் நின்றவர் கணபதிராவ். தொடக்கத்தில் கண்ட அவரே.

2008 இல் ம.இ.கா. ஒன்பது நாடாளுமன்றத் தொகுதியில் நின்று மூன்றில் வென்றது. சுங்கை சிப்புட்டில் தலைவரே 1,821 வாக்கில் தோற்றார். பொதுமக்கள் வாக்கில் இந்த அளவு அதிர்ந்த கட்சியில்தான், அடுத்த ஆண்டு மார்ச்சில், தலைவரை எதிர்க்கப் போதிய முன்மொழிவு ஒருவர்க்கும் கிடைக்கவில்லை. 2010 டிசம்பரில் சாமிவேலு பொறுப்பைத் துணைத் தலைவரிடம் ஒப்படைத்தார். பின்னர் 2013 இல் பழனிவேலும், 2015 இல் டாக்டர் சுப்பிரமணியமும், 2018, 2021, 2024 ஆகிய ஆண்டுகளில் ச. விக்னேசுவரனும் தலைவராயினர். இந்த ஐந்து முறையிலும் தலைவர் பதவிக்குப் போட்டி இல்லை.